ஒரே பாட்டு, இரண்டு உரிமை: சிங்கப்பூரில் மின்னிசை ப்ரொடியூசரின் பிழைப்பு

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் தம் பாட்டு ஒலித்ததற்காக 2024 மே மாதம் இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பாட்டின் உரிமையை வைத்திருக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டோம் என்று படக்குழு பதில் சொன்னது. பலருக்குத் தலை சுற்றியது. சம்பளம் வாங்கிக்கொண்டு போட்ட மெட்டில் இசையமைப்பாளருக்கு இன்னும் என்ன பாத்தியதை? கம்பெனியிடம் அனுமதி வாங்கிய பிறகு வேறு யாரிடம் கேட்க வேண்டும்?

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஒன்றுதான். நம் காதில் ஒன்றாக விழும் பாட்டைச் சட்டம் இரண்டு சொத்தாகப் பார்க்கிறது. சினிமாவில் அந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் இருப்பதால் சண்டை வெளியே தெரிகிறது. மடிக்கணினியில் தனியாளாக உட்கார்ந்து இசை செய்பவரிடம் இரண்டுமே ஒரே ராத்திரியில், ஒரே கோப்பில் பிறக்கின்றன. அதனால் ஒன்றை விற்கும்போது இன்னொன்றும் சேர்ந்து போய்விடுவது அவருக்குத் தெரிவதே இல்லை. சிங்கப்பூரில் இந்தத் தொழிலில் நிலைப்பதும் நொடிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் கணிப்பு. திறமையெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஐந்து பேர் வேலை, ஒரு நாற்காலி

பழைய முறையில் மெட்டுப் போடுபவர் ஒருவர், வாத்தியங்களுக்குப் பகுதி பிரித்து எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர்கள் சிலர், ஒலிப்பதிவாளர் ஒருவர், கடைசியில் மிக்ஸிங் செய்பவர் ஒருவர். மின்னிசை ப்ரொடியூசர் இந்த ஐந்து வேலையையும் தானே செய்கிறார். சினிமா ப்ரொடியூசரைப் போல இவர் பணம் போடுபவர் அல்லர், சத்தத்தை உருவாக்குபவர்.

இது சாத்தியமானதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது மிடி, அதாவது மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழி. ரோலண்டின் கீபோர்டையும் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸின் கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்து 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிச் சந்தையில் காட்டினார்கள். எந்தக் கம்பெனிக் கருவியும் எந்தக் கம்பெனிக் கருவியோடும் பேசலாம் என்று அன்று ஆனது.

இரண்டாவது காரணத்தில் சிங்கப்பூருக்கு நேரடிப் பங்கு உண்டு. சாதாரண வீட்டுக் கணினிக்கு ‘பீப்’ தவிர வேறு சத்தம் தெரியாத காலத்தில், சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. 1993இல் அதே நிறுவனம், பதிவு செய்த சத்தத் துண்டுகளை வாசிக்கும் உலகப் புகழ்பெற்ற சாம்பிளர் கருவிகளைச் செய்த அமெரிக்காவின் ஈ-மு சிஸ்டம்ஸை விலைக்கு வாங்கியது. படுக்கையறையில் இசை செய்யலாம் என்ற நிலை உலகுக்கு வந்ததில் இந்த ஊர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. 2023 ஜனவரியில் சிம் காலமானபோது எழுந்த நினைவஞ்சலிகளில் விளையாட்டுப் பிரியர்களின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. இசைக்காரர்களும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

தோடியின் காந்தாரத்தை எண்ணில் எழுதுவது

கணினியில் பட்டனைத் தட்டினால் பாட்டு வந்துவிடும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. இந்த வேலை எப்படிப்பட்டது என்று ஒரே ஓர் ஸ்வரத்தை எடுத்துப் பார்க்கலாம்.

மிடியில் ஸ்வரம் என்பது 0 முதல் 127 வரை ஓர் எண். ஷட்ஜத்தை 60 என்று வைத்தால், தோடியின் ரிஷபம் 61, காந்தாரம் 63, மத்திமம் 65. ஆனால் 63ஐ மட்டும் அழுத்திப் பிடித்தால் தோடி வராது; ஏதோ ஒரு வாத்தியம் மொட்டையாக முழங்கும். தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைப் ‘பிட்ச் பெண்ட்’ என்ற இன்னொரு செய்தியால் எழுத வேண்டும். வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வரை வளையும். 63இலிருந்து கீழே இரண்டு போனால் 61, மேலே இரண்டு போனால் 65. கர்நாடக சங்கீதத்தை அறியாதவர்கள் வைத்த அளவு தோடிக்கு அச்சாகப் பொருந்துகிறது.

அந்த நான்கு அரைச்சுர இடைவெளிக்குள் 16,384 படிகள் உண்டு. எந்தப் படியில் எவ்வளவு நேரம் தங்குவது, மேலே போகும் வேகமும் இறங்கும் வேகமும் எப்படி வேறுபட வேண்டும் என்பதை மவுஸால் வரைந்தாக வேண்டும். கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருகினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளைந்துவிடும். கூடவே ஒலிக்கும் சுருதியும் ஆட்டம் காணும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்.பி.ஈ. முறை 2018இல்தான் அதிகாரபூர்வமானது. அதுவரை நாதஸ்வரத்துக்கு ஒரு ட்ராக், சுருதிக்கு ஒரு ட்ராக் என்று பிரித்து வைத்தே சமாளித்தார்கள்.

இப்போது கேள்வி: மவுஸால் வரைந்த அந்த வளைவு மெட்டின் பகுதியா, ஒலிப்பதிவின் பகுதியா? இரண்டுமேதான். பாகவதர் பாடினால் சங்கதி அவருடைய மனத்தில் இருக்கும், பதிவு நாடாவில் இருக்கும். ப்ரொடியூசருக்கு இரண்டும் ஒரே கோடு. சட்டம் மட்டும் அந்தக் கோட்டை இரண்டாக வெட்டுகிறது.

சட்டம் பார்க்கும் இரண்டு சொத்து

1. இசைப்படைப்பு. மெட்டு, தாளம், ஸ்வர அமைப்பு. யார் பாடினாலும் எந்த வாத்தியத்தில் வாசித்தாலும் இது மாறாது. சிங்கப்பூரில் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். பாடல் வரி இதிலிருந்து வேறு, அது கவிஞருக்குரியது.

2. ஒலிப்பதிவு. குறிப்பிட்ட அந்த ஒரு பதிவு, அதாவது ‘மாஸ்டர்’. வெளியிட்டதிலிருந்து 70 ஆண்டுகள்.

முதலாவதற்குரிய பொது நிகழ்ச்சி, ஒலிபரப்புக் கட்டணத்தை இங்கே வசூலிப்பது 1987இல் தொடங்கிய காம்பஸ் என்ற அமைப்பு. வெளிநாட்டுச் சங்கங்களோடும் அதற்கு ஒப்பந்தம் உண்டு. இரண்டாவதற்கு மியூசிக் ரைட்ஸ் சிங்கப்பூர் என்ற வேறோர் அமைப்பு. அடையாள எண்களும் இரண்டு: படைப்புக்கு ‘டி’ என்று தொடங்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி., பதிவுக்கு எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. ஒரு மெட்டைப் பத்து விதமாக ரீமிக்ஸ் செய்தால் பத்து ஐ.எஸ்.ஆர்.சி. வேண்டும்.

பாட்டை இணையத்தில் ஏற்றிக் கொடுக்கும் இடைத்தரகு நிறுவனம் பதிவுக்கான பணத்தைத்தான் பொதுவாகக் கொண்டுவரும். ‘பாட்டைப் போட்டாச்சு, இனி எல்லாம் தானாக வரும்’ என்று இருந்துவிடுபவர்கள் படைப்புக்கான பங்கைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பணம் வரும் வழிகள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். சென்னையின் ஒரு மூலைக்குக்கூட ஈடாகாத இந்தச் சந்தையை மட்டும் நம்பி யாரும் பாட்டு விற்றுப் பிழைக்க முடியாது. ஆகவே வருமானம் பல வாய்க்கால்களில் வருகிறது.

1. தொலைக்காட்சி. வசந்தம் தமிழ் ஒளிவழி நாடகங்களின் தலைப்புப் பாடலும் பின்னணி இசையும் இங்குள்ள தமிழ் இசைக்காரர்களுக்குத் தொடர்ந்து வேலை தருபவை. வேலைக்கு ஒரு தொகை. அதற்கு மேல், ஒளிபரப்பாகும்போது காம்பஸ் வழியாக வரும் பங்கு. அந்தப் பங்கு ‘க்யூ ஷீட்’ எனப்படும் ஒரு பட்டியலைப் பொறுத்தது. எந்த அத்தியாயத்தில், எந்த இசை, எத்தனை வினாடி, யார் இயற்றியது, பாட்டா பின்னணியா என்று வரிவரியாக எழுதித் தருவார்கள். மாமியார் கதவைச் சாத்தும்போது வரும் எட்டு வினாடி ‘டொய்ங்’குக்கும் அதில் ஒரு வரி உண்டு. பட்டியலில் பெயர் விட்டுப்போனால் பணமும் விட்டுப்போகும். ஆயினும் வேலை முடிந்த களைப்பில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

2. மேடை. நாட்டியப் பள்ளிகள், நாடகக் குழுக்கள், எஸ்பிளனேடின் கலா உற்சவம் போன்ற விழாக்கள். நேரடி இசைக்குழுவை அழைக்கச் செலவு தாங்காத இடத்தில் பதிவு செய்த ட்ராக் கைகொடுக்கிறது. பணம் சுமார்தான். ஆனால் தோடியை எண்ணில் எழுதத் தெரிந்தவருக்கு மரியாதை கிடைக்கும் இடம் இதுவே.

3. இரவுக் கேளிக்கை. 1991இல் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் தொடங்கிய ஸூக் நடன விடுதி, 2000இலிருந்து அது நடத்திய ஸூக்அவுட் விழா ஆகியவற்றால் சிங்கப்பூர் நடன இசை வரைபடத்தில் இடம்பிடித்தது. டி.ஜே. வாசிப்பவர், ப்ரொடியூசர் செய்பவர். ஒருவரே இரண்டுமாக இருப்பதும் உண்டு. டி.ஜே. கூலி அன்றிரவோடு சரி. தான் செய்த ட்ராக்கைத் தானே வாசித்தாலும், வாசித்த பட்டியலைக் காம்பஸுக்குத் தெரிவித்தால்தான் படைப்பாளியின் பங்கு வரும்.

4. ஸ்ட்ரீமிங். ஒரு முறை கேட்டால் இத்தனை காசு என்ற நிலையான விலை கிடையாது. மாத வருமானத்தை ஒரே தொட்டியில் கொட்டி, மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கேற்பப் பிரிக்கிறார்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டால்தான் பதிவுக்கான பணமே உண்டு. சிறிய சந்தையில் தொடங்குபவருக்கு இது முதல் தடுப்பு.

5. விளம்பரம், அரசாங்கப் பிரசாரக் காணொளி, விமானச் சேவை. கூலி நன்றாக இருக்கும், உரிமை மொத்தமாகப் போகும்.

இன்னொரு வாய்க்கால் சென்னைக்குப் போகிறது. 2005 வசந்தம் ஸ்டார் போட்டியில் வென்ற ஷபீர், பிறகு ‘சகா’ (2019) போன்ற தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தார். அங்கே போனால் சட்டமும் வேறு.

21 நவம்பர் 2021

சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த நாள் அது. ப்ரொடியூசரைத் தொடும் மாற்றங்கள் மூன்று.

முதலாவது, கூலிக்குச் செய்து கொடுக்கும் ஒலிப்பதிவு. முன்பு ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாவிட்டால் அது பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். அந்தத் தேதியிலிருந்து, எதுவும் சொல்லாவிட்டால் உருவாக்கியவருக்குச் சொந்தம். மெட்டு முன்பும் படைத்தவருக்குத்தான். ஆக, 2019இல் செய்த ஒரு நாடகத் தலைப்பிசையும் 2023இல் செய்ததும் ஒரே ஆள், ஒரே கணினி, ஒரே விலை என்றாலும் உரிமையில் இரண்டு சாதி. பழைய கோப்புகளை மறுபடி வெளியிட நினைப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, வணிகமுறையில் வெளியான பதிவை வானொலியிலோ பொது இடத்திலோ ஒலித்தால் பதிவின் உரிமையாளருக்கும் நியாயமான ஊதியம் தர வேண்டும். முன்பு ஒலி 96.8இல் பாட்டு ஓடினால் படைப்புக்கு மட்டுமே பங்கு, பதிவுக்கு இல்லை.

மூன்றாவது, பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ராப் பாடகர் யங் ராஜாவின் பாட்டைக் கேட்டவர்களில் பின்னணியில் ஃப்ளைட்ச் என்ற உள்ளூர் ப்ரொடியூசர் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? பீட் செய்பவர்களின் நெடுநாள் மனக்குறைக்குச் சட்டம் கொடுத்த பதில் இது.

இனித்தான் முக்கியமான விஷயம். இவை பெரும்பாலும் ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்’ என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை. ‘இந்தப் பணியில் உருவாகும் அனைத்து அறிவுசார் சொத்தும் வாடிக்கையாளரைச் சேரும்’ என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் மெட்டும் போச்சு, மாஸ்டரும் போச்சு. பெயர் போடும் உரிமையைக்கூட எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் அந்த வரிகூடத் தேவையில்லை. வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கே.

இந்தியா இதில் வேறு பாதையில் போயிருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அங்கே படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விற்க முடியாது. கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. திரையரங்கில் படம் ஓடுவது மட்டும் அதற்கு விலக்கு. சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிக் கைப்பிடித்துக் காப்பாற்றுவதில்லை. பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விலகி நிற்கிறது. பேசும் இரண்டு பேரும் ஒரே பலத்தில் இருந்தால் அது நியாயம். ஒரு பக்கம் நிறுவனத்தின் சட்டப் பிரிவும் மறுபக்கம் அடுத்த மாத வாடகையை நினைத்துக்கொண்டிருக்கும் 26 வயதுக்காரரும் என்றால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

கடையில் வாங்கிய தவில்

மின்னிசைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தவில், உறுமி, பறை அடிகளைச் சிறு துண்டுகளாக விற்கும் ‘சாம்பிள் பேக்’குகள் இன்று ஏராளம். ‘ராயல்டி கிடையாது’ என்றுதான் விற்கிறார்கள். அதன் பொருள், பயன்படுத்தினால் மேற்கொண்டு பணம் கேட்க மாட்டோம் என்பது. ‘உனக்கு மட்டும்’ என்று எங்கும் சொல்லவில்லை.

விளைவு இப்படி:

1. சிங்கப்பூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், இருவரும் ஒரே உறுமி லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் துண்டு) முறைப்படி வாங்குகிறார்கள்.
2. கோலாலம்பூர்க்காரர் தன் பாட்டை யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’யில் முதலில் பதிகிறார்.
3. சிங்கப்பூர்க்காரரின் பாட்டு வெளியாகிறது. இயந்திரம் உறுமியை ஒப்பிட்டு, இது அவருடையது என்கிறது. விளம்பரப் பணம் அந்தப் பக்கம் திரும்புகிறது.

யாரும் திருடவில்லை. ஆனாலும் மறுப்புத் தெரிவித்து, லூப் வாங்கிய ரசீதைக் காட்டி மீள வேண்டும். லூப்பை அப்படியே ஒட்டாமல் துண்டாக்கி, வேகம் மாற்றி, மேலே வேறு அடி சேர்ப்பவர்கள் அழகுக்காக மட்டும் அதைச் செய்வதில்லை. பழைய சினிமாப் பாட்டிலிருந்து வெட்டி எடுப்பது இதோடு சேராது. அதற்கு மெட்டின் உரிமையாளர், பதிவின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி வேண்டும்.

ஏஐ வந்த பிறகு

2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் சூனோ, யூடியோ ஆகிய ஏஐ இசை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டன. சிங்கப்பூரில் இந்த விவகாரம் எப்படி நிற்கிறது?

பயிற்சிக்கு இசையை எடுப்பது: 2021 சட்டத்தின் 244ஆம் பிரிவு, கணினிவழித் தரவு ஆய்வுக்காகப் படைப்புகளை நகலெடுக்க அனுமதிக்கிறது. வணிக நோக்கத்துக்கும் இது பொருந்தும். படைப்பைச் சட்டபூர்வமாகப் பெற்றிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ‘என் பாட்டை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதி இதைத் தடுக்கவும் முடியாது. படைப்பாளிகளின் பக்கமிருந்து பார்த்தால் உலகின் தாராளமான விலக்குகளில் இது ஒன்று.

ஏஐ செய்த இசைக்கு உரிமை: இங்கே வழிகாட்டுவது ஒரு குதிரைப் பந்தயப் பத்திரிகையின் வழக்கு. பந்தய விவர அட்டவணைகளுக்குப் பதிப்புரிமை கோரிய நிறுவனத்திடம், படைத்தவர் என்று சுட்டிக்காட்ட ஒரு மனிதர் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அந்தத் தர்க்கப்படி, வெறும் கட்டளை கொடுத்து முழுதும் இயந்திரம் செய்த பாட்டுக்கு இசைப்படைப்பு உரிமை கோருவது கடினம். ஒப்பந்தத்தில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று உறுதி கொடுத்துவிட்டு ஏஐ பாட்டைக் கைமாற்றும் ப்ரொடியூசர், இல்லாத ஒன்றை விற்கிறார்.

வீவக அறையும் ரசீதும்

இந்தத் தொழிலில் பெரும்பாலோர் சுயதொழில் செய்பவர்கள். முதலாளி போடும் மத்திய சேமநிதிப் பங்கு கிடையாது; ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத் தாமே பணம் கட்ட வேண்டும். வேலை இடம் பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரைப் (குண்டுவீச்சுக் காப்பறை) பாட்டுப் பதிவு அறையாக மாற்றும் ஆசை பலருக்கு வருவதுண்டு. தடித்த கான்கிரீட் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்பது உண்மை. உள்ளே பாடும் குரலும் அதே கான்கிரீட்டில் மோதி எதிரொலிக்கும் என்பதும் உண்மை. நுரைப் பலகை மாட்டலாம் என்றால் அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட விதிமுறை விடாது.

கூலி வராமல் போனால் வழி இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். வக்கீலுக்கு அங்கே இடமில்லை. வாட்ஸ்அப்பில் ‘ஓகே, தொகை சம்மதம்’ என்று வந்த பதிலையும் ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் அங்கே கேட்க முடிவது செய்த வேலைக்கான பணத்தை மட்டுமே. மாஸ்டர் யாருடையது, மெட்டு யாருடையது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். 2022 ஏப்ரல் முதல் அங்கே 500,000 வெள்ளிக்கு மேற்படாத அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு எளிமைப்படுத்திய நடைமுறை உண்டு. எளிமைப்படுத்தியது என்றாலும் ஒரு நாடகத் தலைப்பிசைக்கு வாங்கிய கூலி அந்த வழக்கின் வக்கீல் செலவுக்குக் காணாது.